விளையாடுவது பேத்தி, பணம் கொடுப்பது அப்பத்தா

கேள்வி: பள்ளத்தூரில் இருக்கிறேன். வயது 33, பி.காம். படித்தவள். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு இரண்டு. கையில் 2 லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. நகையை வைத்தால் இன்னும் 3 லட்சம் புரட்டலாம். செட்டிநாட்டு அடையாளத்தோடு குழந்தைகளுக்கான பொருட்களை விற்க ஆசை. கண்டாங்கித் துணியில் பாவாடை சட்டை, மரச் சொப்பும் பல்லாங்குழியும், சத்துமாவு, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பலகாரக் கடை, எங்கள் பழைய வீட்டு வளவில் விடுமுறை நாள் விளையாட்டுக் கூடம் என்று ஐந்து யோசனைகள் வைத்திருக்கிறேன். இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கிவிட்டேன். பொம்மை விற்க ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா? எதை முதலில் எடுப்பது? நகையை வைக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய கணக்குத் தாளையும் படங்களையும் பார்த்தேன். ஐந்தும் ஐந்து வெவ்வேறு தொழில்கள். சரக்கு வேறு, சட்டம் வேறு, வாங்க வருகிறவர் வேறு. எல்லாவற்றுக்கும் 'குழந்தைகளுக்கு' என்று ஒரே தலைப்பு போட்டிருப்பதால் உங்களுக்கு ஒன்றாகத் தெரிகிறது. 2 லட்சத்தை ஐந்தாகப் பிரித்தால் ஒன்றும் உருப்படாது.

முதலில் யார் வாங்குகிறார் என்று பார்ப்போம். ஆறு மாதக் குழந்தைக்கு அம்மா முடிவு செய்வார். ஆறு வயதில் பிள்ளை கேட்கும், அப்பா விலையைத் திருப்பிப் பார்ப்பார். நம் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு: அப்பத்தா, ஆயா, ஐயா, மலேசியாவிலிருந்து வரும் அத்தை. காது குத்து, பிள்ளைகளுக்குச் செய்யும் 'புதுமை' சடங்கு, பிறந்தநாள், பிள்ளையார் நோன்பு, பொங்கல் என்று ஏதாவது ஒரு விசேஷத்தைச் சாக்கிட்டு இவர்கள் வாங்குவார்கள். விலையைவிட 'நம்ம ஊர் சாமான்' என்று காட்டிக் கொடுக்க முடிகிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். உங்களுக்கு வாய்த்த வாடிக்கையாளர் இவர்கள்தான். பிளாஸ்டிக் பொம்மை விற்கும் பெரிய கடையோடு விலையில் மோத உங்களால் முடியாது, மோதவும் வேண்டாம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வருகிறேன். உங்களைப் பயமுறுத்திய பொம்மை விஷயத்திலிருந்தே தொடங்கலாம்.

உங்களைப் பயமுறுத்தியவர் சொன்னது உண்மை. மத்திய அரசின் பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020-இல் வந்தது, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கென்று செய்யும் எந்தப் பொருளுக்கும் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மரமானாலும் துணியானாலும் இதே விதிதான். ஐஎஸ் 9873 என்ற தரநிலையின்படி கூர்மை, உடைந்து விழும் சிறு பாகங்கள், தீப்பற்றும் தன்மை, சாயத்திலிருந்து கசியும் ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற எட்டுத் தனிமங்கள் எல்லாவற்றையும் சோதிப்பார்கள்.

விலக்கு இரண்டு இடத்தில் இருக்கிறது. கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர் தாமே செய்து விற்கும் பொம்மைக்கு ஒன்று. புவிசார் குறியீடு (இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அரசுப் பதிவு) பெற்ற பொம்மையை அந்தக் குறியீட்டின் பதிவு உரிமையாளரோ அங்கீகரிக்கப்பட்ட பயனரோ செய்து விற்பதற்கு இன்னொன்று. நீங்கள் மரம் கடையும் கடைசல்காரரிடம் மொத்தமாக வாங்கி, உங்கள் பெயர் ஒட்டி விற்கப்போகிறீர்கள். அவருடைய கைவினைஞர் அட்டை உங்களுக்கும் குடை பிடிக்கும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கும் பிஐஎஸ் நிறுவனத்தின் கிளை அலுவலகத்துக்கு எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அதுவரை சொப்பு சாமானுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் சொப்பு பளபளவென்று இருக்கிறது. தச்சர் எனாமல் பெயிண்ட் அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். என்னை நெருடியது அந்தப் பளபளப்புதான். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்று 2017 நவம்பரிலிருந்து விதி இருக்கிறது. ஆனால் சில்லறையில் திறந்த டப்பாவிலிருந்து ஊற்றிக் கொடுத்த பெயிண்ட் எது என்று யாருக்குத் தெரியும்? இரண்டு வயதுப் பிள்ளை சொப்பை வாயில் வைக்காமல் விளையாடியதாகச் சரித்திரம் உண்டா? அம்பாசமுத்திரத்திலும் சென்னபட்டணத்திலும் கடைசலிலேயே மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை வைத்து அழுத்தி நிறம் ஏற்றுவார்கள். சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். எதிர்காலத்தில் சொப்பு செய்தால் அந்த வேலை தெரிந்தவரைத் தேடுங்கள். அப்போதும் அரக்கில் கலக்கும் நிறம் எது என்று கேட்க வேண்டும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பித்தளைச் சொப்பு வாங்கித் துலக்கி விற்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அலமாரியில் வைத்துப் பார்க்கும் பழம்பொருளாக, பெரியவர்களுக்கு விற்கலாம். ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முன் எந்த உலோகத்தை உருக்கி ஒட்டுப் போட்டார்கள் என்று தெரியாத பாத்திரத்தைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம்.

பல்லாங்குழி விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். படத்தில் குழிகளில் குன்றிமணி கிடக்கிறது. சிவப்பும் கறுப்புமாகப் படத்துக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் குன்றிமணிக்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. தோல் கெட்டியாக இருப்பதால் முழுசாக விழுங்கியது சில சமயம் அப்படியே வெளியே வந்துவிடும். மென்றாலோ, கோர்ப்பதற்காக ஓட்டை போட்டிருந்தாலோ உயிருக்கே ஆபத்து. நம் பாட்டிமார் வைத்து விளையாடினார்கள் என்பது உண்மை. அவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் கூரியரில் அனுப்பும் வீட்டில் யார் உட்கார்ந்திருப்பார் என்று உங்களுக்குத் தெரியாது. அந்தப் படத்தை இன்றே நீக்குங்கள். சோழி போடுங்கள், புளியங்கொட்டை போடுங்கள். அதுவும் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை தொண்டையில் சிக்கும் அளவுதான். அந்த வயதுக்கான சோதனையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு உருளைக்குள் பொருளைப் போடுவார்கள். முழுசாக உள்ளே போய்விட்டால் அது சிறு பாகம், கூடாது. சோழி அதில் தாராளமாகப் போய்விடும்.

ஆனால் பல்லாங்குழியை விட்டுவிடச் சொல்லவில்லை. அதைப் பெரியவர்களுக்கு விற்கலாம். கானாடுகாத்தான் பக்கம் அரண்மனை வீடு பார்க்க வருகிறவர்களும், பாரம்பரிய ஹோட்டல்களில் தங்குகிறவர்களும், ஊருக்கு வந்து திரும்பும் நம் ஆட்களும் நல்ல தேக்குப் பல்லாங்குழிக்கு நல்ல விலை கொடுப்பார்கள். அப்படி விற்பதானால் பெட்டி, படம், விளம்பரம் எல்லாமே பெரியவர்களை நோக்கி இருக்க வேண்டும். பிள்ளை விளையாடும் படத்தைப் போட்டுவிட்டு மூலையில் 'அலங்காரப் பொருள்' என்று எழுதினால் அதிகாரி சிரிப்பார்.

உங்கள் விளம்பர வாசகம் 'அறிவுத்திறனை 100% வளர்க்கும் பாரம்பரிய விளையாட்டு'. இதை எடுத்துவிடுங்கள். தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதலில் குழந்தைகளை நோக்கிய விளம்பரத்துக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அறிவு கூடும், உடல்திறன் கூடும் என்று சொன்னால் அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டும். 'அம்மாவிடம் சொல்லி வாங்கச் சொல்லு' என்று பிள்ளையையே தூண்டிவிடவும் கூடாது. எண்ணப் பழகலாம், பாட்டியோடு ஒரு மணி நேரம் போகும் என்று எழுதுங்கள். உண்மையும் அதுதான், வாங்கும் அப்பத்தாவுக்கும் அதுதான் வேண்டும்.

அடுத்து சத்துமாவு. இதில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். பாக்கெட்டில் '6 மாதம் முதல்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். குழந்தைப் பால் மாற்றுப் பொருட்கள் சட்டம் 1992-இல் வந்து 2003-இல் இறுக்கப்பட்டது. ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வயது வரை தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கும் உணவு என்று சொல்லி விற்கும் எதுவும் அதன் கீழ் வரும். அப்படிப்பட்ட உணவுக்கு விளம்பரமே கூடாது. இலவச மாதிரி பாக்கெட் கொடுப்பதும் கூடாது. இன்ஸ்டாகிராமில் நீங்கள் போட்டிருப்பது விளம்பரம், பின்தொடர்கிறவர்களுக்குப் பத்துப் பாக்கெட் இலவசம் என்று அறிவித்திருப்பது மாதிரி. இரண்டையும் தெரியாமல்தான் செய்திருக்கிறீர்கள். தெரிந்த பிறகு வைத்திருக்க வேண்டாம். உங்கள் செய்முறையில் தேனும் இருக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கக்கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது பொட்டுலினம் என்ற நச்சுக் கிருமிக்காக. உங்கள் மகனுக்கு ஒத்துக்கொண்டது என்பது இங்கே ஆதாரம் ஆகாது.

குடும்பத்தில் எல்லோரும் குடிக்கும் கஞ்சி மாவாக, உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவோடு விற்கலாம். ஆனால் அந்தச் சந்தையில் ஏற்கெனவே ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். உங்கள் முதலை அதில் போட நான் சொல்லமாட்டேன்.

பலகாரக் கடை: பள்ளிக்கூட வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டம் விற்கக்கூடாது என்று 2020-இல் உணவுப் பாதுகாப்பு விதி வந்திருக்கிறது. தேன்குழலும் அதிரசமும் எந்தப் பக்கம் விழும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக் கூடம்: வளவின் நடு முற்றமும், உயரமான திண்ணையும், வழவழப்பான தரையும் பார்க்க அழகு, பத்துப் பிள்ளைகள் ஓடினால் யாராவது ஒருவர் பல்லை உடைத்துக்கொள்ளும் இடம். பங்காளிகள் பொதுவில் இருக்கும் வீடு என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். ஆத்தங்குடி டைல்ஸ் செய்யக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு என்ற உங்கள் கிளை யோசனையும் வேண்டாம். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் கலவை ஊற்றுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்தான், ஆனால் அது ஈரச் சிமென்ட். பிஞ்சுத் தோலை அரித்துவிடும்.

மிச்சம் பாவாடை சட்டை. உங்கள் தொழில் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அதற்கு உங்கள் கணக்குத் தாளைக் கொஞ்சம் கலைக்க வேண்டும்.

துணி 210, தையல் கூலி 130, நூல், கொக்கி, உள்துணி 40, ஆக அடக்கம் 380 ரூபாய். 450-க்கு விற்றால் 70 ரூபாய் லாபம் என்று போட்டிருக்கிறீர்கள். கூரியர் இலவசம் என்றும் அறிவித்திருக்கிறீர்கள். பெட்டியும் கவரும் 20 ரூபாய், கூரியர் 70 ரூபாய். பத்தில் ஒன்று அளவு சரியில்லை என்று திரும்பி வரும் என்று வையுங்கள். போக வர 140 ரூபாய், ஒரு உருப்படிக்கு 14 ரூபாய் தலையில் விழும். கூட்டினால் 484. ஒவ்வொரு பாவாடைக்கும் 34 ரூபாயை நீங்கள் கையிலிருந்து கொடுத்து அனுப்புகிறீர்கள். துணி எடுக்கப் போனது, வாட்ஸாப்பில் அளவு கேட்டது, பெட்டி கட்டியது என உங்கள் உழைப்புக்குக் குறைந்தது 60 ரூபாய் வையுங்கள். 544 ஆகிறது. விலை 800 என்று வையுங்கள். கடை வழியாக இல்லாமல் உங்களுக்கே நேரடியாக ஆர்டர் வந்தால் 256 ரூபாய் நிற்கும். காரைக்குடியில் ஒரு கடையில் வைத்து 30 சதவீதம் கமிஷன் கொடுத்தால் 560 கைக்கு வரும்; கூரியர் கிடையாது; அடக்கம், பெட்டி, உங்கள் கூலி போக 100 ரூபாய் மிஞ்சும். 450-க்கு இந்த இரண்டு வழியுமே அடைபட்டிருக்கிறது.

800 கொடுப்பார்களா என்று தயங்குவீர்கள். அம்மாக்கள் யோசிப்பார்கள். பேத்தியின் முதல் பொங்கலுக்கு வாங்கும் அப்பத்தா யோசிக்கமாட்டார். அவர் துணியைத் தடவிப் பார்ப்பார், உள்பக்கத் தையலைத் திருப்பிப் பார்ப்பார். அங்கே நீங்கள் ஜெயிக்க வேண்டும். பருத்தி சுருங்கும், ஆகவே துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். கரை உடம்பில் உரசாமல் மல்துணி உள்கொடுங்கள். பாவாடையின் அடியில் இரண்டு டக் (உள்மடிப்பு) பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். ஒரு பொங்கலுக்கு வாங்கியது இன்னொரு பொங்கலுக்கும் ஆகும் என்று அந்த டக்கைக் காட்டிச் சொல்லிப் பாருங்கள், விலைப் பேச்சு அதோடு நிற்கும். மூன்று வயதுக்குக் கீழே முன்பக்கம் மணி, குஞ்சலம், கல் எதுவும் வேண்டாம், பிய்த்து வாயில் போடும். கழுத்தில் கட்டும் நாடாவும் வேண்டாம்.

ஆறு அளவு, நான்கு நிறம், ஒவ்வொன்றிலும் ஐந்து என்று 120 உருப்படி தைத்து வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். 45,600 ரூபாய் பீரோவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைத் துணியில் வியாபாரிகளைக் கவிழ்ப்பது இந்த அளவுக் கணக்குதான். மூன்று வயது அளவு ஓடும், ஒரு வயது அளவு தேங்கும், அடுத்த வருஷம் தலைகீழாக நடக்கும். அளவுக்கு ஒன்றாக ஆறு மாதிரி மட்டும் தையுங்கள். துணியைத் துணியாகவே வைத்திருங்கள். துணிக்கு வயது கிடையாது. ஆர்டர் வந்தபின் தைத்துப் பத்து நாளில் அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள். 'மூன்று வயது' என்று சொன்னால் ஏற்காதீர்கள். உயரமும் இடுப்பும் கேளுங்கள். திரும்பி வருவது பாதியாகும்.

கண்டாங்கி என்ற பெயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விசைத்தறியில் ஓடிய கட்டம் போட்ட துணிக்கு அந்தப் பெயரை ஒட்டக்கூடாது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ நேரடியாக நெசவாளரிடமோ எடுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். விலை கூடுதலாக இருக்கிறது, விசைத்தறித் துணியைக் கலந்துகொள்ளலாமா என்று நீங்கள் கேட்டிருக்கும் வரிக்குப் பதில்: கலந்தால் அதைத் தனியாக, வேறு பெயரில் விற்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். பாவாடை ஒன்று ஒன்றாகப் போகும். வீட்டு விசேஷத்துக்கு வருகிறவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் பரிசு (ரிட்டர்ன் கிஃப்ட்) ஒரே ஆர்டரில் நாற்பது, ஐம்பது போகும். பணம் கொடுப்பவரும் ஒருவர்தான். உங்கள் மகளுக்காக நீங்கள் வரைந்த ஆத்தங்குடிப் பூ வடிவங்களும் நிலைக்கதவுச் சிற்பமும் கொண்ட தாள்களைக் கடிதத்தோடு வைத்திருந்தீர்கள், சும்மா மாதிரிக்கு என்று. நல்ல கை உங்களுக்கு. அவற்றைப் பதினாறு பக்க வண்ணமடிக்கும் புத்தகமாக்கி, ஒரு சின்னக் கொட்டானில் (ஓலைக் கூடை) கிரேயான் பெட்டியோடு வைத்துப் பாருங்கள். ஓலைக் கொட்டான் நம் வீடுகளில் சீர் வைக்கிற சாமான், பெரியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பிள்ளை வண்ணமடித்து முடித்த பிறகும் கொட்டான் வீட்டில் கிடக்கும். குழந்தைகளின் வண்ணமடிக்கும் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பது சின்ன லாபம். முதலில் டிஜிட்டல் அச்சில் நூறு போடுங்கள்; ஓடினால் சிவகாசிக்குப் போகலாம். படங்கள் உங்கள் கையால் வரைந்தவையாக இருக்கட்டும், யாருடைய புகைப்படத்தையும் பிரதி எடுக்க வேண்டாம். இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடும் குழந்தைகளின் படத்துக்குப் பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையானாலும் அப்படியே.

பிள்ளையார் நோன்புக்கும் பொங்கலுக்கும் வெளியூர்க் குடும்பங்கள் ஊருக்கு வரும் நேரத்தில் இரண்டையும் இறக்குங்கள். துணிக்கு 25,000, ஆறு மாதிரி, நூறு புத்தகம், ஐம்பது கொட்டான், இதற்குள் முதல் சுற்றை முடியுங்கள். பேரேட்டில் வாங்கியவர் பெயரோடு, அவர் பிள்ளைக்கு யார், என்ன விசேஷம் என்றும் ஒரு வரி எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் அதே மாதம் யாருக்குப் போன் செய்வது என்று அந்த வரி சொல்லும்.

நகையை வைக்க வேண்டாம். இந்த வியாபாரம் வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் ஓடும், மிச்ச மாதம் தூங்கும். வட்டிக்குத் தூக்கம் கிடையாது. முதல் சீசன் முடிந்து, ஆர்டர் கையில் இருந்து துணி வாங்கத்தான் பணம் போதவில்லை என்றால் வங்கியில் சிறு தொழிலுக்குக் கடன் தரும் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 வரை பிணையில்லாமல் கேட்கலாம். தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்பதற்கு வருஷத்துக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்குமுன் கணக்கரைப் பாருங்கள், அங்கே விதி வேறு. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்துதர 2,500 ரூபாய் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அரசு இணையதளத்தில் அது இலவசம். ஆதாரும் பான் எண்ணும் வைத்துக்கொண்டு நீங்களே உட்கார்ந்தால் அரை மணி நேர வேலை.